குழாய்ச் சுவரின் மிச்சம்: தட்டிப் பார்த்த காலமும் கணித்துச் சொல்லும் காலமும்

மின்நிலையத்தின் டர்பைன் கூடத்துக்குள் போனால் குழாய் எதுவும் கண்ணில் படாது. குழாய்க்குப் போர்த்தியிருக்கும் லேகிங்தான் தெரியும். கனிமக் கம்பளி, அதன் மேல் பளபளக்கும் அலுமினியத் தகடு. அதற்குள்ளே கொதிநிலையைத் தாண்டிய வெந்நீர், அழுத்தம் இருப்பதால் ஆவியாக முடியாமல், மணிக்கு ஆயிரம் டன்னுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த நீருக்கும் பக்கத்தில் நடந்துபோகும் மனிதருக்கும் நடுவே இருப்பது 10 அல்லது 12 மில்லிமீட்டர் இரும்பு.

அந்த இரும்பு உள்பக்கமாக எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வெளியில் நின்று யாராலும் சொல்ல முடியாது. பெயின்ட் உரியாது, நிறம் மாறாது. முதலில் சொட்டுச் சொட்டாக ஒழுகும், அதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்றால், இந்த வகைத் தேய்மானத்தில் பெரும்பாலும் அந்த அவகாசமும் கிடைப்பதில்லை. ஊசித்துளை விழும் அரிப்பு வேறு, அது ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். இது ஓர் அகலமான பரப்பே ஒருசேர மெலிந்துகொண்டு போகும் விவகாரம். தாங்குகிற வரை தாங்கி, ஒரே நொடியில் வாய் பிளக்கும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் அன்று, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் இன்று என்ற கதையில் கருவிகள் வளர்ந்த கதையும் உண்டு, உயிர்ப்பலிக்குப் பிறகே விதி எழுதிய கதையும் உண்டு. இரண்டாவது கதையைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சுத்தியல். பாய்லர், குழாய் வேலையில் பழகிய பெரியவர்கள் ஒரு சின்னக் கைச்சுத்தியலை வைத்துக்கொண்டு, நிறுத்தியிருக்கும் குழாயைத் தட்டிக்கொண்டே நடப்பார்கள். முழுத் தடிமன் உள்ள இடத்தில் ஓசை கணீரென்று வரும். மெலிந்த இடத்தில் ஓசை மாறும், சுத்தியல் கையில் துள்ளும் விதமும் மாறும். நல்ல காது உள்ளவர் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் அந்தக் காதைக் கோப்பில் பதிந்து வைக்க முடியாது. அடுத்த ஆண்டு வேறொருவர் தட்டினால், போன ஆண்டைவிட எவ்வளவு தேய்ந்தது என்று ஒப்பிட வழியில்லை.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இன்னொரு முறை இருந்தது. குழாயின் வெளிப்பக்கத்திலிருந்து சின்னத் துளையிடுவார்கள். முழுக்கத் துளைக்காமல், இதற்கு மேல் மெலியக் கூடாது என்ற தடிமனை மட்டும் உள்ளே மிச்சம் விட்டு நிறுத்திவிடுவார்கள். உள்ளிருந்து வரும் அரிப்பு அந்தத் துளையின் அடியைத் தொட்டதும் எண்ணெய் கசியும். காவல்காரனாக வைத்த துளை. அரிப்பு சரியாக அந்தத் துளைக்கு நேர் உள்ளே வந்தால்தான் காவல் பலிக்கும். ஒரு கை தள்ளி வந்தால் யாருக்கும் தெரியாது. எந்த முறைக்கும் இதுதான் பலவீனம் என்பதை இனி வரும் ஒவ்வொரு விபத்திலும் பார்க்கலாம்.

ஒலி அந்த நிலைமையை மாற்றியது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃப்ளாய்ட் ஃபயர்ஸ்டோன் 1940-களின் தொடக்கத்தில், உலோகத்துக்குள் மீயொலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் விரிசலைப் பிடிக்கத்தான் அது பிறந்தது. அதே தத்துவம் தடிமன் அளக்கவும் உதவியது. இரும்புக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் வேகத்தில் போகிறது. 10 மில்லிமீட்டர் சுவரின் உள்விளிம்பைத் தொட்டுத் திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 3.4 பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தை அளந்தால் தடிமன் கிடைத்துவிடும். குழாயை அறுக்க வேண்டாம், துளைக்கவும் வேண்டாம்.

நம் ஊர் ஆலைகளில் இந்தக் கருவிக்கு டி-மீட்டர் என்று பெயர். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் காலத்தில் இந்த வேலை நடப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் சாரம் கட்டுவார்கள். பிறகு லேகிங்கைப் பிரிப்பார்கள். கம்பளித் தூசி முழங்கையெல்லாம் ஒட்டிக்கொண்டு அரிக்கும். வயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்ததும், வளைவின் மேல் சாக்பீஸால் கட்டம் போடுவார்கள். நீரோட்டம் வரும் பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று வரிசை. சுற்றுவட்டத்தில் ஏ, பி, சி. ஒருவர் கிரீஸ் தடவிப் புரோபை வைத்து அழுத்துவார், இன்னொருவர் எண்ணை எழுதிக்கொள்வார். “ஏ 4, ஒன்பது புள்ளி ஆறு. பி 4, ஒன்பது புள்ளி ஒன்று. சி 4, ஏழு புள்ளி இரண்டு.” அந்த ஏழு புள்ளி இரண்டில் கை நிற்கும். துடைத்து, கிரீஸ் போட்டு, மறுபடி வைப்பார்கள். எண் மாறாவிட்டால் அதைச் சுற்றி இன்னும் நெருக்கமாகக் கட்டம் போடுவார்கள். ஒரே வளைவில் இப்படி நூற்றுக்கணக்கான எண்கள் சேரும்.

அளவெடுக்கக் கருவி வந்துவிட்டது. ஆனால் எங்கே வைத்து அளப்பது? ஒரு பெரிய மின்நிலையத்தில் ஆயிரக்கணக்கான வளைவுகளும், டீ என்னும் மூவழி இணைப்புகளும், விட்டம் குறைக்கும் ரெடியூசர்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் அளக்க எந்த ஷட்டவுனும் போதாது. பல பத்தாண்டுகளாகப் பரிசோதனையின் கவனம் வெல்டிங் இணைப்புகள் மேல்தான் இருந்தது, விரிசல் அங்கேதான் வரும் என்பதால். நீராவியும் நீர்த்துளியும் கலந்து ஓடும் குழாய்கள் தேயும் என்பது தெரிந்திருந்ததால் அவற்றையும் பார்த்தார்கள். வெறும் தண்ணீர் மட்டும் ஓடும் நீரூட்டுக் குழாயின் உடம்பை நிலையங்களில் பெரும்பாலும் யாரும் சந்தேகப்படவில்லை. சுத்திகரித்த, உப்பும் ஆக்சிஜனும் நீக்கிய நீர் இரும்பை என்ன செய்துவிடும் என்ற நம்பிக்கை.

1986 டிசம்பர் 9 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஜேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள சர்ரி அணுமின் நிலையத்தின் 2-ஆம் அலகில் அந்த நம்பிக்கை உடைந்தது. நீராவிக் குழாயில் ஒரு வால்வு எதிர்பாராமல் மூடிக்கொண்டது. உலை தானாக நின்றது. அந்த நேரத்தில் ஏறிய அழுத்தத்தில், நீரூட்டும் பம்புக்குள் போகும் 18 அங்குலக் குழாயின் வளைவு பிய்த்துக்கொண்டு போனது. பக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் லேகிங் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் வெந்நீரிலும் நீராவியிலும் வெந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள்.

உடைந்த துண்டை அளந்தபோது, அரை அங்குலமாக இருந்திருக்க வேண்டிய சுவர் பல இடங்களில் கால் அங்குலமாகவும் சில இடங்களில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்காகவும் மெலிந்திருந்தது. அலகு ஓடத் தொடங்கியது 1973-இல். ஒருவரும் அந்த வளைவை ஒருமுறைகூட அளந்ததில்லை. அளக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. கொட்டிய நீர் நுழைவாயில் அட்டை படிக்கும் கருவியை நனைத்து, நிலையம் முழுவதும் கதவுகளின் மின்பூட்டு அமைப்பையே செயலிழக்கச் செய்தது என்பதும் விசாரணையில் வந்தது.

வெறும் தண்ணீர் எப்படி இரும்பைத் தின்னும்? சூடான நீர் பட்டதும் இரும்பின் மேல் மேக்னடைட் என்ற கரிய படலம் உருவாகிறது. அதுதான் இரும்புக்குக் காவல். நீர் நிதானமாக ஓடினால் படலம் நிலைத்து நிற்கும். வளைவிலும், நீரோட்டத்தை அளக்கக் குழாய்க்குள் வைக்கும் துளையிட்ட ஆரிஃபிஸ் தகட்டைத் தாண்டிய இடத்திலும், வால்வுக்குப் பின்னாலும் நீர் சுழன்று அடிக்கும். அங்கே படலம் கரைந்து நீரோடு போய்க்கொண்டே இருக்கும். கரைந்ததை ஈடுகட்ட அடியிலிருந்து புதிய இரும்பு படலமாக மாறும், அதுவும் கரையும். குழாயடியில் மறந்து வைத்த சோப்புக் கட்டி போலத்தான், நீர் விழும் பக்கம் மட்டும் குழிந்து போகும். படலம் மிக வேகமாகக் கரைவது 130 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில். தேய்ந்த உள்சுவரைப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னச் சின்னக் குழிகளாக, பளபளப்பாக இருக்கும். துருவே இருக்காது. துருவைத் தேடிப் பழகிய கண் இதைத் தவறவிட்டதில் வியப்பில்லை.

இரண்டு விஷயங்கள் இதில் என்னை இன்றும் யோசிக்க வைக்கின்றன. ஒன்று குரோமியம். வெறும் 0.1 விழுக்காடு குரோமியம் இரும்பில் கலந்திருந்தாலே தேய்மானம் பெருமளவு குறைந்துவிடுகிறது. 1 விழுக்காட்டைத் தாண்டினால் கிட்டத்தட்ட நின்றே விடுகிறது. கார்பன் இரும்பு வாங்கும்போது குரோமியம் இவ்வளவு வேண்டும் என்று அன்று யாரும் கேட்டதில்லை. பழைய இரும்பை உருக்கும்போது தற்செயலாகச் சேர்ந்தது சேர்ந்ததுதான். ஒரே குழாய்வரிசையில், ஒரே நாளில் பொருத்திய இரண்டு வளைவுகளில் ஒன்று காகிதமாகவும் மற்றது புதிதாகவும் இருந்ததற்கு இதுதான் காரணம். இன்று கையில் பிடிக்கும் எக்ஸ் கதிர்த் துப்பாக்கியைக் குழாயின் மேல் வைத்து, அந்தத் துண்டில் எவ்வளவு குரோமியம் என்று சில நொடிகளில் சொல்லிவிடுகிறார்கள்.

மற்றது ஆக்சிஜன். பாய்லர் நீரில் ஆக்சிஜன் இருந்தால் அரிக்கும் என்பது பாலபாடம். அதற்காக ஹைட்ரசின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, கடைசித் துளி ஆக்சிஜனையும் எடுத்துவிடுவதைச் சிறந்த பராமரிப்பு என்று கருதினார்கள். நீரூட்டுக் குழாயில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. ஆக்சிஜன் அடியோடு இல்லாத நீர்தான் மேக்னடைட்டை வேகமாகக் கரைக்கிறது. நூறு கோடியில் சில பங்கு ஆக்சிஜன் மிச்சமிருந்தால் படலம் கெட்டிப்படும். செம்புக் கலவை இல்லாத குழாயமைப்பு உள்ள அனல்மின் நிலையங்களில் இன்று ஹைட்ரசினை நிறுத்தச் சொல்கிறார்கள். சில இடங்களில் அளந்து ஆக்சிஜனைச் செலுத்தவே செய்கிறார்கள். நீரின் காரத்தன்மையையும் முன்பைவிடக் கூட்டி வைக்கிறார்கள். அன்று நல்ல வேதியியலாளர் என்று பெயரெடுத்தவர் செய்ததையே இன்று செய்தால் கேள்வி கேட்பார்கள்.

சர்ரிக்குப் பிறகு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1987 ஜூலையில் எல்லா நிலையங்களுக்கும் குழாய்ச் சுவர் மெலிவதைப் பற்றிக் கேட்டு எழுதியது. தேடத் தொடங்கியதும் பல இடங்களில் கிடைத்தது. ஓரிகன் மாநிலத்தின் ட்ரோஜன் நிலையத்தில் வளைவே இல்லாத நேர்க்குழாயிலும் மெலிவு தெரிந்தது. 1989-இல் ஒவ்வொரு நிலையமும் இதற்கென நிரந்தரமான கண்காணிப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையம் கேட்டது.

கணிப்பு என்பது அப்போதுதான் அன்றாட வேலைக்குள் வந்தது. அமெரிக்க மின்னாற்றல் ஆய்வு நிறுவனமான ஈப்ரி 1987-இல் செக் என்ற கணினி நிரலை வெளியிட்டது. பிந்தி சேக்ஸல், ஜெஃப்ரி ஹாரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்களின் பெயரெழுத்துகள் அந்தப் பெயரில் இருக்கின்றன. அது வளர்ந்து 1993-இல் செக்வொர்க்ஸ் ஆனது. பிரான்சின் மின்வாரியமும் ஜெர்மனியின் சீமென்ஸும் தங்கள் ஆய்வகச் சோதனைகளைக் கொண்டு தனித்தனியே நிரல்கள் எழுதின. ஒவ்வொரு துண்டுக்கும் வெப்பநிலை, நீரின் வேகம், காரத்தன்மை, ஆக்சிஜன், குரோமியம், வடிவம், ஓடிய மணிநேரம் ஆகியவற்றைக் கொடுத்தால், ஆண்டுக்கு இவ்வளவு தேயும் என்று சொல்லும். எங்கே அதிகம் தேயும் என்று வரிசைப்படுத்தும். டி-மீட்டரை அந்த வரிசைப்படி வைத்து அளந்து, கிடைத்த எண்ணை மறுபடி நிரலுக்குள் கொடுத்தால் அது தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளும். கணிப்பும் அளவும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே போவதுதான் இந்த முறையின் உயிர். அளக்காமல் கணிப்பை மட்டும் நம்பினால் வெறும் ஊகம். கணிக்காமல் கண்ட இடத்தில் அளந்தால் குருட்டுவேலை.

மிச்ச ஆயுள் கணக்கு பள்ளிக் கணக்கைவிட எளிது. இப்போதுள்ள தடிமனிலிருந்து, இதற்குக் கீழே போகக் கூடாது என்ற தடிமனைக் கழித்து, ஆண்டுக்குத் தேயும் அளவால் வகுத்தால் ஆண்டுகள் கிடைக்கும். இந்த எளிய கணக்கைப் போடாததால் ஐந்து உயிர் போனது ஜப்பானில்.

ஃபுகுயி மாகாணத்தின் மிஹாமா அணுமின் நிலையம், 3-ஆம் அலகு. 2004 ஆகஸ்ட் 9, பிற்பகல். வழக்கமான ஷட்டவுன் ஆகஸ்ட் 14 அன்று தொடங்க இருந்ததால், முன்னேற்பாட்டுக்காக டர்பைன் கட்டடத்தில் நூறு பேருக்கு மேல் வேலையில் இருந்தார்கள். அலகு முழு வீச்சில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தளத்தின் கூரையை ஒட்டிப் போகும் 56 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் வெடித்து விரிந்தது. ஏறத்தாழ 140 டிகிரி நீர் கொட்டி ஆவியானது. பதினோரு ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் சிக்கினார்கள். நான்கு பேர் அன்றே இறந்தார்கள், ஐந்தாமவர் அந்த மாதமே இறந்தார். கதிரியக்கம் எதுவும் வெளியாகவில்லை. உயிரை எடுத்தது வெறும் வெந்நீர்.

அந்தக் குழாயின் தொடக்கத் தடிமன் 10 மில்லிமீட்டர். இருக்க வேண்டிய குறைந்த அளவு 4.7. உடைந்த இடத்தில் மிகவும் மெலிந்த புள்ளியில் இருந்தது 0.4. அலகு 1976 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 28 ஆண்டுகளில் 9.6 மில்லிமீட்டர் போயிருக்கிறது என்றால், ஆண்டுக்குச் சராசரியாக 0.35 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இதே வேகத்தில் கணக்கிட்டால் 4.7 என்ற எல்லையை அது 1990-களின் தொடக்கத்திலேயே தாண்டியிருக்க வேண்டும். சர்ரி விபத்தைப் பார்த்து, ஜப்பானில் மிஹாமா வகை உலைகளுக்கான குழாய் மெலிவுக் கண்காணிப்பு வழிகாட்டி எழுதப்பட்டது 1990-இல். அந்த வழிகாட்டியில் ஆரிஃபிஸுக்குப் பின்னால் உள்ள பகுதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது. உடைந்த இடம் ஆரிஃபிஸுக்கு நேர் பின்னால்தான்.

அப்படியானால் ஏன் பார்க்கவில்லை? பட்டியல் தயாரித்தபோது அந்த இடம் விடுபட்டுப்போனது. வழிகாட்டி எழுதியவருக்குத் தெரிந்தது, வரைபடத்தில் ஆரிஃபிஸ் இருந்தது, ஆனால் பரிசோதனைப் பட்டியலில் அந்த வரி இல்லை. பட்டியலைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்து பொறுப்பு வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. அவர்கள் 2003-இல் விடுபட்டதைக் கண்டுபிடித்துத் தெரிவித்தார்கள். அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம் என்று குறித்து வைத்தார்கள். அந்த ஷட்டவுனுக்கு ஐந்து நாள் இருக்கும்போது குழாய் போனது.

மிஹாமாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும் கோபம், அறியாமையின் மேல் அல்ல. சர்ரியில் அறியாமை இருந்தது, அதை மன்னிக்க இடமுண்டு. மிஹாமாவில் அறிவு, கருவி, வழிகாட்டி எல்லாமே இருந்தன. 28 ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, ஒரு சாரம் கட்டி, ஒரு புரோபை அந்த இடத்தில் வைத்திருந்தால் போதும். அரை நாள் வேலை.

அதன் பிறகு ஜப்பானில் நிலையத்தாரின் சொந்த வழிகாட்டி என்றிருந்தது மாறி, அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கம் எழுதிய விதிகளின்படி அளக்க வேண்டும் என்றானது. எது விடுபட்டது என்பதையும் சரிபார்த்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. மிஹாமா 3 தன் 40 ஆண்டு ஆயுளைத் தாண்டியும் இயங்க அனுமதி பெற்று, 2021 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கியது.

நமக்கும் இந்தக் கதை அந்நியமல்ல. குஜராத்தின் கக்ரபார் அணுமின் நிலையத்தில் 2006 பிப்ரவரியில் நீரூட்டுக் குழாய் ஒன்று இதே தேய்மானத்தால் உடைந்தது. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் உலைகள் ஒவ்வொன்றிலும் 306 எரிபொருள் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் கனநீர் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என 612 ஃபீடர் குழாய்கள். 300 டிகிரியை நெருங்கும் கனநீர் வெளியேறும் ஃபீடரின் முதல் வளைவு தேய்கிறது என்று தெரிந்த பிறகு, 2003-க்கும் 2006-க்கும் இடையிலான நீண்ட ஷட்டவுனில் முதல் அலகின் ஃபீடர்களை ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள். கதிரியக்கம் உள்ள, மனிதர் அதிக நேரம் நிற்க முடியாத இடத்தில், கைவிரல் இடுக்கு அளவே இடைவெளி விட்டு நெருக்கமாக வளைந்து போகும் குழாய்களை அறுத்து, புதியதை வெல்டு செய்து முடிப்பது எளிய வேலை இல்லை. வெடித்த பிறகு மாற்றாமல் அளந்து, கணித்து, முன்கூட்டியே மாற்றினார்கள். இதைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. விபத்து நடக்காததால் செய்தி ஆகவில்லை. இதே கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நீர், நீராவி வேதியியல் பிரிவு இந்தத் தேய்மானத்தையே ஆய்வுப்பொருளாக எடுத்து வேலை செய்துவருகிறது.

இன்றைய கருவிகளுக்கு வருவோம். லேகிங்கைப் பிரிக்காமலே, தகட்டின் மேல் வைத்து உள்ளிருக்கும் இரும்பின் சராசரித் தடிமனைச் சொல்லும் துடிப்புச் சுழல்மின்னோட்ட முறை வந்துவிட்டது. ஓரிடத்தில் வளையமாகக் கட்டிவிட்டால், குழாய்நெடுகப் பல மீட்டர் தூரம் ஒலியலையை ஓடவிட்டு, எங்கே மெலிந்திருக்கிறது என்று காட்டும் முறை இருக்கிறது. சூடான குழாயிலேயே நிரந்தரமாகப் பொருத்தி, ஷட்டவுனுக்குக் காத்திராமல் தினமும் அளவு அனுப்பும் சென்சார்கள் சுத்திகரிப்பு ஆலைகளில் பெருகிவருகின்றன. சென்னை ஐஐடியின் அழிவுறாச் சோதனை மையமும் இந்தத் துறையில் பெயர் சொல்லும் வேலை செய்திருக்கிறது.

குழாயைக் கதிர்ப்படமெடுத்துப் பார்க்கும் விதமும் மாறிவிட்டது. முன்பு இரிடியம் கதிர்மூலத்தை ஒரு பக்கமும் ஃபிலிமை மறுபக்கமும் வைத்து, இரவு ஷிஃப்டில் ஆட்களை விலக்கிவிட்டுப் படமெடுப்பார்கள். கழுவிய ஃபிலிமை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, வெள்ளைப் பட்டையாகத் தெரியும் சுவரை ஸ்கேலால் அளப்பார்கள். எந்த இடத்தில் பட்டை முடிகிறது என்பது அளப்பவரின் கண்ணைப் பொறுத்தது. இன்று படம் நேராகக் கணினிக்குப் போகிறது. சாம்பல் நிறம் எங்கே சட்டென்று ஏறி இறங்குகிறது என்று நிரலே விளிம்பைக் கண்டுபிடிக்கிறது.

சுவர் மெலிவை அல்ல, விரிசலைக் காட்டும் கேமராப் படங்களுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. 1984-இல் ஜாங், சூயன் என்ற இருவர் வெளியிட்ட மெலிதாக்கும் வழிமுறை பட அலசலில் இன்றும் பாடமாக இருக்கிறது. கறுப்புப் புள்ளிகளால் ஆன ஒரு தடித்த கோட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள எட்டு அண்டைப் புள்ளிகளைப் பார்க்கும். அண்டையில் கறுப்பு இரண்டுக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும் இருக்கிறதா, சுற்றி வரும்போது வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரே ஒருமுறைதான் மாறுகிறதா, இன்ன திசை அண்டைகளில் ஒன்றாவது வெள்ளையா என்று சோதித்து, நீக்கினாலும் கோடு அறுந்துபோகாத புள்ளியை மட்டும் நீக்கும். ஒருமுறை தென்கிழக்கு ஓரத்தில், அடுத்தமுறை வடமேற்கு ஓரத்தில் என்று மாறி மாறிச் சீவிக்கொண்டே போனால், கடைசியில் மெல்லிய எலும்புக்கூடு மிஞ்சும். அதன் வழியே எண்ணினால் விரிசலின் நீளம், கிளைகள், முனைகள் எல்லாம் கிடைக்கும். ஓரம் சொரசொரப்பாக இருந்தால் இல்லாத கிளைகளும் முளைக்கும், அவற்றைக் கத்தரிக்கத் தனி நிரல் வேண்டும். கையெழுத்தைக் கணினிக்குப் படிக்கக் கற்றுத்தர முயன்ற துறையிலிருந்து வந்த இந்தக் கருவி இன்று பாலங்களிலும் குழாய்களிலும் விரிசல் அளக்க உதவுகிறது. ஆனால் கேமரா பார்த்ததைத்தான் நிரல் அலசும். லேகிங்குக்கு அடியில், இரும்புக்கு மறுபக்கம் நடப்பதைப் படமெடுக்கும் கேமரா இல்லை.

அளக்கும் இடம் தவறினால் எந்தக் கருவியும் கைகொடுக்காது என்பதற்கு 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரிலுள்ள செவ்ரான் சுத்திகரிப்பு ஆலை சாட்சி. அங்கே தேய்த்தது நீர் அல்ல, எண்ணெயிலுள்ள கந்தகம். சிலிக்கான் குறைவாக உள்ள கார்பன் இரும்பைச் சூடான கந்தகம் வேகமாகத் தின்னும். 8 அங்குலக் குழாயில் நான்கடிச் சொச்ச நீளமுள்ள ஒரு துண்டு மட்டும் சிலிக்கான் மிகக் குறைவானது. பக்கத்துத் துண்டுகள் நல்ல இரும்பு. ஆலை பல ஆண்டுகளாக அந்தக் குழாய்வரிசையை அளந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வேறு இடங்களில். அந்தத் துண்டில் அளவிடும் புள்ளி ஒன்றுகூட இல்லை. கிழிந்தபோது எழுந்த ஆவிமேகத்துக்குள் 19 ஊழியர்கள் சிக்கினார்கள். 18 பேர் தீப்பிடிக்கும் முன் தப்பி வந்தார்கள், தீயணைப்பு வண்டிக்குள் இருந்த ஒருவர் தீயைக் கடந்து உயிர் தப்பினார். புகையால் பாதிக்கப்பட்டு ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவ உதவி தேடினார்கள். அந்தக் குழாய் பொருத்தியது 1976-இல், மிஹாமாவின் 3-ஆம் அலகு ஓடத் தொடங்கிய அதே ஆண்டு.

இயந்திரக் கற்றலைக் கொண்டு தேய்மானத்தைக் கணிக்கும் ஆய்வுக் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. வரவேற்கிறேன். ஆயிரக்கணக்கான பழைய அளவுகளிலிருந்து மனிதக் கண்ணுக்குப் படாத போக்கை அவை எடுத்துக் காட்டக்கூடும். ஆனால் அவை கற்றுக்கொள்வது அளந்த இடங்களின் எண்களிலிருந்து. அளக்காத இடத்தைப் பற்றி அவற்றுக்கு யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லை. சர்ரியிலும் மிஹாமாவிலும் இறந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே அளக்காத இடத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள், அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழாயின் தடிமன் எவ்வளவு என்று கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதைக் கேட்க வேண்டியவர் பட்டியலுக்குப் பொறுப்பானவர்.

அனல்மின் நிலையத்திலோ சுத்திகரிப்பு ஆலையிலோ சர்க்கரை ஆலையின் பாய்லர் வீட்டிலோ வேலை செய்பவர் யாராவது இதைப் படித்தால், ஒரு வேண்டுகோள். அடுத்த ஷட்டவுனுக்கு முன்னால் பரிசோதனைப் பட்டியலையும் குழாய் வரைபடத்தையும் ஒரே மேசையில் விரித்து வையுங்கள். வரைபடத்திலுள்ள ஒவ்வொரு ஆரிஃபிஸையும் கட்டுப்பாட்டு வால்வையும் வளைவையும் விரலால் தொட்டு, பட்டியலில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தை அடுத்த ஷட்டவுனுக்குத் தள்ளாமல் இந்த முறையே சாரம் கட்டி அளந்துவிடுங்கள்.